பல்லுக்குக் கம்பி கட்டிய முதல் கிழமை: நோவும் சாப்பாடும்

பல்லுக்குக் கம்பி கட்டினால் வாயில் இரண்டு விதமான நோ வரும். ஒன்று பல்லின் வேரடியில் வருவது. அது தானாக வந்து தானாகப் போகும். மற்றது கன்னத்தின் உட்புறமோ உதடோ நாக்கோ உரசுப்பட்டு வருகிற புண். உரசுகிற இடத்தைக் கண்டுபிடித்து மூடும்வரை அது போகாது. இரண்டையும் ஒன்றாக எண்ணி இரண்டுக்கும் பனடோலைக் கொடுப்பதுதான் வீடுகளில் நடக்கிற பிழை. புண்ணுக்கு மெழுகு வேண்டும். வேரடி நோவுக்குக் குளிசையும் குழைந்த சோறும் வேண்டும். எது என்று பிள்ளைக்குச் சொல்லத் தெரியாவிட்டால் பற்களை மெல்லக் கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடிக்கும்போது நொந்தால் வேரடி. கதைக்கும்போதும் சிரிக்கும்போதும் நொந்தால் புண்.

நகரத்தில் கிளினிக்குக்குப் பக்கத்தில் இருப்பவருக்குக் கம்பி நுனி குத்துவது அரை மணித்தியாலப் பிரச்சினை. துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ நெடுங்கேணியிலோ இருந்து யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ போய் வருபவருக்கு அது ஒரு முழு நாள். விடியப் பஸ் எடுத்து, கிளினிக்கில் காத்திருந்து, திரும்பி வரப் பொழுதுபட்டுவிடும். ஆகவே கிளினிக்குக்கு வீணாகத் திரும்ப ஓடாமல் இருப்பது எப்படி என்பதும் இதில் பெரும் பங்கு.

கதிரையை விட்டு எழும்ப முன்

கம்பி கட்டி முடிந்த கையோடு எழும்பிவிடாதீர்கள். நான்கு மூலையையும் பாருங்கள்: மேலே வலம், இடம், கீழே வலம், இடம். ஒவ்வொரு மூலையிலும் கடைசிப் பல்லுக்குப் பின்னால் நாக்கின் நுனியை விட்டுத் தடவுங்கள். பிறகு வாயைக் கொட்டாவி விடுவதுபோல அகலத் திறந்து மூடி, வெளியில் இருந்து கன்னத்தை விரலால் அழுத்துங்கள். ஊசி போல ஏதும் தட்டுப்பட்டால் அங்கேயே சொல்லுங்கள். வைத்தியருக்கு அதை வெட்டிவிடச் சில விநாடிதான். வீட்டுக்கு வந்த பிறகு அதே வேலைக்கு இன்னொரு நாள் செலவாகும்.

மெழுகு ஒரு பெட்டி தருவார்கள். முடிந்தால் இரண்டாவதையும் கேட்டோ பாமசியில் வாங்கியோ கொண்டு வாருங்கள். தொலைபேசி எண்ணையும் வாங்குங்கள். மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் இழுத்துக் கொழுவுகிற றப்பர் தந்தால் சாப்பிடும்போது கழற்றுவதா, இல்லையா என்று கேளுங்கள். றப்பரை நொந்த நாளில் கழற்றி, ஆறிய நாளில் போட்டால் ஒவ்வொரு முறையும் முதல்நாள் நோ திரும்ப வரும். விடாமல் போட்டால் சில நாளில் பழகிவிடும்.

நாள் குறிக்கும்போது ஒரு கணக்கு இருக்கட்டும். வேரடி நோ பெரும்பாலும் கம்பி இறுக்கி நாலு மணித்தியாலமளவில் தொடங்கும். அடுத்த நாள்தான் உச்சம். மூன்றாம் நாள் இறங்கத் தொடங்கி ஏழு நாளுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். வெள்ளிக்கிழமை கிளினிக் கிடைத்தால் உச்சநாள் சனியில் விழும், பிள்ளை வீட்டில் இருக்கும். சாதாரண தரப் பரீட்சைக் கிழமையில் புதுக்கம்பி மாற்ற ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு கிழமை தள்ளிக் கேட்டால் தருவார்கள்.

கம்பிக்கு முன்பே கடைவாய்ப் பற்களுக்கு நடுவில் சின்ன றப்பர் வளையங்களைச் சொருகி ஒரு கிழமையளவில் வரச் சொல்வதும் உண்டு. பல்லிடையில் மாமிசத் துண்டு சிக்கியதுபோல இருக்கும், பல பேருக்குக் கம்பியைவிட இதுதான் கூட நோகும். கிண்டி எடுக்க வேண்டாம். இரண்டு மூன்று நாளுக்குள் விழுந்துவிட்டால் கிளினிக்குக்குச் சொல்லுங்கள். போகிற நாளுக்கு முதல் நாள் விழுந்தால் பெரும்பாலும் இடைவெளி வந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

வேரடி நோ

பல்லுக்கும் தாடை எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார்ச்சவ்வு ஒன்று இருக்கிறது. கம்பி பல்லைத் தள்ளும்போது ஒரு பக்கம் அது நசிகிறது, இரத்த ஓட்டம் குறைகிறது, அழற்சி வருகிறது. அந்த அழற்சியே எலும்பைக் கரைத்துப் பல்லுக்கு வழி விடுகிறது. நோ வருவது கம்பி பிழையாகக் கட்டியதால் அல்ல. பல் இலேசாக ஆடுவதும் இதனால்தான், பயப்பட வேண்டாம்.

குளிசையில் முதலில் பரசிற்றமோல், அதாவது பனடோல். பெரியவருக்கு 500 மி.கி. குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. 24 மணித்தியாலத்தில் எட்டுக் குளிசைக்கு மேல் போகக்கூடாது. பிள்ளைக்கு உடல் நிறையைப் பாருங்கள்: ஒரு கிலோவுக்கு 15 மி.கி., நாளுக்கு நான்கு முறைக்கு மேல் இல்லை. 40 கிலோ பிள்ளைக்கு 600 மி.கி. வரை போகலாம் என்றாலும் ஒரு குளிசை போதும். நோ ஏறி அழத் தொடங்கிய பிறகு கொடுப்பதைவிட, கிளினிக்கால் வந்து நோ தொடங்க முன்னமே ஒன்றைக் கொடுப்பது நல்லது. தூரப் பஸ் என்றால் குளிசையையும் தண்ணீர்ப் போத்தலையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள், பாதி வழியில்தான் நோ பிடிக்கும்.

இபுபுரொபென் நோவை நன்றாக அடக்கும். ஆனால் அது அடக்குவது பல்லை நகர்த்துகிற அதே அழற்சியை. ஒன்றிரண்டு குளிசையால் ஒன்றும் ஆகாது, நாள்கணக்கில் போடத்தான் வேண்டாம். வெறும் வயிற்றில், விரத நாளில், அதைத் தொடாதீர்கள். மாரி காலத்தில் இன்னொரு காரணமும் இருக்கிறது. காய்ச்சலும் சேர்ந்திருந்தால் அது டெங்குவாக இருக்கலாம், டெங்குவில் இபுபுரொபென் இரத்தப்போக்கைக் கூட்டும். காய்ச்சல் உள்ள பிள்ளைக்குப் பரசிற்றமோல் மட்டும்தான், வைத்தியரிடமும் காட்ட வேண்டும். 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு அஸ்பிரின் கொடுக்க வேண்டாம். வாயில் பூசுகிற சில ஜெல்களிலும் அதன் இனமான சலிசிலேற் இருக்கும், பெட்டியைப் பார்த்து வாங்குங்கள்.

குளிரும் உதவும். தொடக்கத்தில் போடுகிற மெல்லிய கம்பிகள் பெரும்பாலும் நிக்கலும் தைத்தானியமும் கலந்தவை. அவற்றில் ஒரு வகை சூட்டில் விறைக்கும், குளிரில் தளரும். கொதிக்கக் கொதிக்கத் தேநீர் குடிக்கும்போது பல்லைச் சுண்டி இழுப்பதுபோல இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். குளிர்ந்த தண்ணீரை ஒரு வாய் எடுத்து அரை நிமிடம் வைத்திருந்தால் கொஞ்ச நேரத்துக்கு இழுவை குறையும். ஐஸ் கட்டியைக் கடிப்பது வேறு கதை, பிரக்கெற் போய்விடும். பிரக்கெற் என்பது பல்லில் ஒட்டியிருக்கிற அந்தச் சின்ன உலோகத் துண்டு. கம்பி ஓடுவது அதன் நடுவால்தான்.

உரசற் புண்

மெழுகு நிற்கவில்லை என்று முறைப்படுகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் ஈரத்தில் ஒட்டியிருப்பார்கள். கையைக் கழுவுங்கள். ஒரு பயறளவு மெழுகைக் கிள்ளி, விரல்களுக்கு நடுவில் உருட்டுங்கள், உடற்சூட்டில் அது இளகும். உதட்டை மற்றக் கையால் இழுத்துப் பிடித்து, உரசுகிற பிரக்கெற்றைச் சுத்தமான துணியாலோ ரிசுவாலோ ஒற்றித் துடையுங்கள். எச்சில் திரும்ப வருமுன் உருண்டையை வைத்து அழுத்தி, ஓரத்தைக் கம்பியின் கீழால் கொஞ்சம் செருகுங்கள். பிரக்கெற்றின் மேல் சின்ன மேடு ஒன்று தெரிய வேண்டும், தட்டையாகத் தேய்த்தால் சீக்கிரம் போய்விடும். சாப்பிட முன் எடுத்துவிட்டு, பல் தீட்டிய பிறகு புதிதாக ஒட்டுங்கள். விழுங்கினால் பயமில்லை. மெழுகு முடிந்துவிட்டதே என்று மெழுகுதிரியைக் கிள்ளி ஒட்டுபவர்கள் இருக்கிறார்கள். அது பொரிந்து உதிரும், ஒட்டாது.

புண்ணுக்கு உப்புத் தண்ணீர். ஒரு தம்ளர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு வாய் அரை நிமிடம் கொப்பளித்துத் துப்புவது, நாளுக்கு மூன்று நான்கு முறை. கூட உப்புப் போட்டால் கூட நன்மை என்று நினைக்க வேண்டாம், புண் எரியும். இரண்டு மூன்று கிழமையில் கன்னத்துத் தோல் தடித்துப் பழகிவிடும்.

சாப்பாடு

முதல் மூன்று நான்கு நாள் ஒரு வகைச் சாப்பாடு. அதற்குப் பிறகு கம்பி கழற்றும்வரை இன்னொரு வகை. பெரும்பாலானவர்களுக்கு அது ஒன்றரை, இரண்டு வருடம். முதலாவதில் சங்கடம் நோ. இரண்டாவதில் சங்கடம் பழக்கம், அதுதான் வில்லங்கமானது.

முதல் நாட்களுக்குக் கஞ்சியைவிட நல்லது இல்லை. இரண்டு பேருக்கு 50 கிராம் சிவப்புப் பச்சையரிசி, 25 கிராம் வறுத்துக் குற்றிய பயறு, நாலு தம்ளர் தண்ணீர். அரிசியும் பயறும் கரண்டியால் நசித்தால் மசிகிறவரை அவியவிட்டு, அரைத் தம்ளர் தேங்காய்ப்பால் விட்டு ஒரு கொதி வர இறக்குங்கள். ஆறவிட்டு, விரல் வைத்தால் சுடாத பதத்தில் கொடுங்கள். பயறைத் தவிர்க்க வேண்டாம். மூன்று நாள் வெறும் அரிசிக் கஞ்சி குடித்த பிள்ளை பசியில் சோர்ந்துபோகும், நாலாம் நாள் கண்டதையும் கடிக்கும்.

இடியப்பம் நல்லது, ஆனால் ஓரம் காய்ந்த இடியப்பம் அல்ல. சொதியை விட்டு ஐந்து நிமிடம் ஊறவைத்து, விரலால் குழைத்து, சின்னச் சின்னக் கவளமாக. சொதியில் பச்சை மிளகாயைக் குறையுங்கள், தேசிக்காய் பிழிவதைப் புண் ஆறும்வரை விட்டுவிடுங்கள். புட்டு மெத்தென்று இருந்தாலும் குறுணி பிரக்கெற்றுக்குக் கீழே போய் இறுகும்; பாலோ சொதியோ விட்டு நன்றாகக் குழைத்தால் சரி. சோற்றுக்குப் புழுங்கலரிசிதான் வீட்டில் இருக்கிறதென்றால் வழக்கத்தைவிட ஒன்றரைப் பங்கு தண்ணீர் வைத்துக் குழைய விட்டு, பருப்போடு மசியுங்கள். உழுத்தங்களி, மசித்த மரவள்ளி, அவித்து மசித்த முட்டை, எருமைத் தயிர், பப்பாப்பழம், வாழைப்பழம், நுங்கு, இளநீர் வழுக்கை எல்லாம் கேள்வியில்லாமல் கொடுக்கலாம். குளத்து மீனில் விரால் தோதானது, நடுமுள்ளை எடுத்துவிட்டால் பெரிய கரைச்சல் இல்லை. முள்ளுக்கூடின மீன் வேண்டாம். கம்பிக்குக் கீழே செருகிய முள்ளை எடுப்பது பெரும்பாடு. சமபோஷவை உருண்டையாகப் பிடித்தால் முன்பல்லில் அப்பிக்கொள்ளும், பாலில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள்.

கடைவாய்ப் பற்களின் மேல் நீலச் சீமெந்து வைத்திருந்தால் கதை வேறு. மேற்பல் கீழ்ப்பல்லில் இடிபட்டுப் பிரக்கெற் கழலாமல் இருக்க வைப்பது அது. வைத்த நாளில் இருந்து அந்த இரண்டு இடத்தில் மட்டும்தான் வாய் மூடும், மற்றப் பல்லெல்லாம் முட்டாமல் நிற்கும். பிள்ளை சோற்றை மெல்லாமல் விழுங்கும், அல்லது அரை மணித்தியாலம் வாயில் வைத்திருக்கும். இது நோ இல்லை, இயலாமை, அதட்டினால் சரிவராது. எல்லாவற்றையும் சின்னதாக நறுக்கி, இறைச்சியை இடித்து, கீரையைப் பொடியாக அரிந்து கொடுங்கள். இரண்டு மூன்று கிழமையில் நாக்கும் தாடையும் வழி கண்டுபிடிக்கும்.

இனி நீண்டகாலக் கதை. கடினமானது, ஒட்டுவது என்று இரண்டு பட்டியல் எல்லாரும் தருவார்கள். அதைவிட ஒன்றைக் கவனியுங்கள்: முன்பல்லால் கடித்து இழுப்பது. எங்கள் சாப்பாட்டில் அது நிறைய. முருங்கைக்காயை எடுத்துப் பாருங்கள். துண்டைப் பிளந்து, மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவில் வைத்து, கையால் வெளியே இழுக்கிறோம். அந்த நார் பல்லின் முகத்தை உரசிக்கொண்டு வரும்போது கீழ் முன்பல்லின் பிரக்கெற்றைக் கொக்கி போட்டதுபோலப் பிடிக்கும். பசை தாங்குவது மெல்லுகிற அழுத்தத்தை. பக்கவாட்டில் வருகிற இழுவையை அல்ல. முருங்கைக்காயைத் துறக்க வேண்டாம், கரண்டியால் சதையை வழித்துச் சோற்றில் போடுங்கள். மாங்கொட்டை சூப்புவதும் இதே வேலை, சதையை வெட்டி எடுங்கள். கரும்பு வேண்டவே வேண்டாம். பனங்கிழங்கை நார் உரித்து, தும்பு எடுத்து, மிளகும் உள்ளியும் போட்டு இடித்தால் சாப்பிடலாம், கடித்துக் கிழித்தால் முடியாது. சோளத்தை முத்தாக உதிர்க்க வேண்டும். நண்டுக்காலைப் பல்லால் உடைப்பவர்கள் வீட்டில் இருந்தால் பிள்ளைக்கும் அதே பழக்கம் இருக்கும். உடைத்துச் சதையை எடுத்துக் கொடுங்கள்.

பிளேன்ரீயும் பனங்கட்டியும் அடுத்த வில்லங்கம். கட்டியைக் கடித்து ஒரு மிடறு குடிக்கிற பழக்கத்தில் ஒரு பிரக்கெற் போவதற்கு ஒரு பின்னேரம் போதும். தேநீரில் போட்டுக் கரைத்துக் குடியுங்கள், பிறகு வாயைக் கொப்பளியுங்கள். தொதலும் பனாட்டும் றப்பர் வளையத்தையே இழுத்துக் கழற்றும். காட்டுப் பக்கம் பாலைப்பழம் பழுக்கிற காலத்தில் பிள்ளைகள் சட்டி சட்டியாகச் சாப்பிடுவார்கள். அந்தப் பால் உதட்டில் ஒட்டினாலே லேசில் போகாது, பிரக்கெற் இடுக்கில் ஒட்டினால் பிரஷுக்கு மசியாது. நாலைந்து பழம் ஆசைக்குச் சாப்பிடட்டும், சட்டியைத் தூக்கி வையுங்கள்.

கச்சான் தனியாகச் சொல்ல வேண்டியது. ஏ9 வீதியால் வருகிற பஸ் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்கும். தேங்காய் உடைத்துக் கும்பிட்டுவிட்டு எல்லாரும் ஒரு பைக்கற் கச்சானோடு ஏறுவார்கள், கிளினிக்கில் கம்பி இறுக்கிக்கொண்டு வருகிற பிள்ளையும் அதே பஸ்ஸில்தான் இருக்கும். கோதைப் பல்லால் வெடிக்க வைக்கிற அந்த ஒரு கடி போதும். கச்சானை உடைத்துக் கொடுத்தாலும் வறுத்த பருப்புக் கடினம், துண்டு பிரக்கெற்றுக்கும் முரசுக்கும் நடுவில் செருகும். அவித்த கச்சான் பரவாயில்லை. முறுக்கும் மிக்சரும் பருப்பு வடையின் மொறுமொறு ஓரமும் கச்சானோடு சேர்ந்தவைதான். உழுந்து வடையைச் சாம்பாரில் ஊறவைத்துச் சாப்பிடலாம்.

பழங்களை எட்டாக வெட்டிக் கடைவாயில் போட்டு மெல்லுங்கள். கொய்யாவை நன்றாகப் பழுக்கவிட்டு, விதையை வழித்துவிட வேண்டும். பாணின் கருகிய ஓரத்தை வெட்டிவிட்டு நடுவைச் சொதியில் தோய்க்கலாம்.

மஞ்சளைப் பற்றி ஒருவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பிரக்கெற்றைச் சுற்றிப் போடுகிற நிறமில்லாத வளையங்கள் இரண்டு மூன்று கறிச் சாப்பாட்டில் மஞ்சளாகிவிடும், தீட்டினாலும் போகாது. பல் பழுதாகிவிட்டது என்று பிள்ளை நினைக்கும். அடுத்த முறை வளையம் மாற்றும்போது கடும் நீலமோ சாம்பலோ கேளுங்கள்.

சாப்பிட்ட பிறகு

நோகிறதென்று தீட்டாமல் விடுகிற கிழமையில்தான் முரசு வீங்கும், வீங்கியபின் நோ இரட்டிப்பாகும். மென்மையான பிரஷால் பிரக்கெற்றுக்கு மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை, பிறகு கடிக்கிற பக்கம். புளோரைட் உள்ள பற்பசை போதும். உமிக்கரி வேண்டாம், வேப்பங்குச்சியைக் கடித்து நசிப்பதும் வேண்டாம். பாடசாலையில் பிரஷ் இல்லாவிட்டால் தண்ணீரால் நாலு முறை பலமாகக் கொப்பளிக்கட்டும்.

வவுனியாப் பக்கம் பல கிணறுகளில் புளோரைட் கூட. சின்ன வயதில் அந்தத் தண்ணீர் குடித்தவர்களின் பல்லில் வெள்ளைத் திட்டோ மண்ணிறக் கறையோ இருக்கும். அந்தப் பல்லில் பசை பிடிப்பது குறையலாம். கம்பி கட்ட முன்பே வைத்தியரிடம் ஊரையும் கிணற்றையும் சொல்லுங்கள். மேலதிகமாகப் புளோரைட் கொப்பளிப்பு வாங்குவதும் அவரைக் கேட்டுத்தான்.

கழன்றால், குத்தினால்

பிரக்கெற் பல்லை விட்டுக் கழன்று கம்பியில் தொங்கினால் இழுக்க வேண்டாம். மெழுகால் பக்கத்துப் பிரக்கெற்றோடு சேர்த்துப் பொத்துங்கள். முழுதாக வெளியே வந்துவிட்டால் பேப்பரில் சுற்றி வைத்துக் கொண்டு போங்கள். விழுங்கியிருந்தால் பெரும்பாலும் மலத்தோடு போய்விடும். ஆனால் புரையேறி இருமல் நிற்காவிட்டாலோ, மூச்சில் சத்தம் வந்தாலோ கிளினிக்கைப் பார்த்துக்கொண்டிராமல் கிட்ட உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும்.

மெல்லிய கம்பி நுனி கன்னத்தில் குத்தினால் பென்சிலின் அழிறப்பர் முனையைக் கழுவி, அதால் நுனியைப் பல்லோடு ஒட்ட வளைத்து, மேலே மெழுகு வையுங்கள். வளையாவிட்டால், கிளினிக்குக்குப் போக நாளாகும் என்றால் மட்டும், நகவெட்டியை ஸ்பிரிட்டால் துடைத்து வெட்டலாம். வெட்டமுன் நுனிக்குப் பின்னால் பஞ்சோ துணியோ வைத்து, தலையைக் குனிந்தபடி வெட்டுங்கள், துண்டு தொண்டைக்குப் போகக்கூடாது. தடித்த கம்பி நகவெட்டிக்கு மசியாது, முயல வேண்டாம்.

பத்து நாளாகியும் நோ இறங்காவிட்டால், ஒரே ஒரு பல் இரவில் துடித்தால், முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தால், அடுத்த திகதிவரை காத்திருக்காதீர்கள். கிளினிக்குக்கு அழைக்கும்போது 'கம்பி கழன்றுவிட்டது' என்று மட்டும் சொன்னால் அவர்களுக்கு ஒன்றும் விளங்காது. மேலா கீழா, வலமா இடமா, நடுவில் இருந்து எத்தனையாவது பல், பிரக்கெற் பல்லில் நிற்கிறதா இல்லையா என்று சொல்லுங்கள். உதட்டை இரண்டு பக்கமும் இரண்டு கரண்டிக் காம்பால் விலக்கி, வெயில் வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது. உடனே வர வேண்டுமா, வருகிற திகதிவரை மெழுகோடு சமாளிக்கலாமா என்று படத்தைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.